ஆதம்பாவா காக்காவின் முதுகு

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியை யாரோ விரலால் தட்டும் சத்தம் கேட்டது. தொழுகை நேரமல்லாத நேரத்தில் அது தட்டப்பட்டால் எங்கள் சாய்ந்தமருதில் அடுப்படியில் நிற்பவர்கூட அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுப்பார். நான் பிள்ளைகளின் சித்திரப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மர்ஹூம் மீராலெப்பையின் மகனும், இன்னாரின் கணவரும், இன்னாரின் மாமனாருமாகிய மீராலெப்பை ஆதம்பாவா வபாத்தானார் என்று மரண அறிவித்தல் சொன்னார்கள். இத்தனை உறவுகளைச் சுமந்துகொண்டு வந்த அந்தப் பெயர் எனக்கு உடனே பிடிபடவில்லை. அடுத்த தாளை எடுத்துவிட்டேன். என் மனைவிதான் கதவடியில் வந்து நின்றாள்.

"உங்கட காக்கா," என்றாள். "கரைவலைக் காக்கா."

பேனையை மூடவும் எனக்குத் தோன்றவில்லை. நெஞ்சு வருத்தமென்று கல்முனை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பியவர், நன்றாகத் தேறிவிட்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது, கருவாடு தின்னக்கூடாது என்று சொன்ன டொக்டரைப் பற்றி அரைமணி நேரம் குறைபட்டார். அப்படிக் குறைபடுகிறவர் இரண்டு நாளில் போய்விடுவார் என்று யார் நினைப்பது?

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஊரே அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிட்டவர், கரைவலை இழுத்தவர், தெருமுனைவரை கேட்கச் சிரிப்பவர், யாருடைய கல்யாண வீடானாலும் அழைக்காமலே போய் அடுப்பு மூட்டுகிறவர் என்று உங்களுக்கு அவரைத் தெரியும். எனக்கு அவரைப் பின்பக்கமிருந்து தெரியும். தொண்ணூறுகளின் ஆரம்பத்திலிருந்து அவர் படுக்கையில் விழும்வரை நான் அவருடைய முதுகைத் தாளில் படமாகக் கீறிக்கொண்டிருந்தேன்.

முதுகை ஏன் கீறினேன் என்று சொல்வதற்கு என் மாமியாரை இழுக்க வேண்டியிருக்கிறது. அவர் நலமாக இருக்கிறார். இதை வாசிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது வழக்கம். வீடு பெண்ணுடையது. ஆகவே சுவரும் அவர்களுடையது, சட்டமும் அவர்களுடையது. நான் சித்திர ஆசிரியன், அதிலும் மனித உருவம் கீறுவதில் பைத்தியம் பிடித்தவன் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் மாமிக்குத் தெரிந்தது. மறுவாரமே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வீட்டுக்கு வரும் வானவர்களைப் பற்றிச் சொன்னார்.

"மகன், முகம் இரிக்கிற படம் ஊட்டுக்குள்ள இரிந்தா மலக்குமார் வரமாட்டாங்க. தென்னமரம் கீறுங்க, தோணி கீறுங்க, பூ கீறுங்க. முகம் மட்டும் வேணாம்."

ஒரு மனிதன் வாழ்க்கையில் எத்தனை தென்னைமரம் கீற முடியும்? நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன். என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். "உம்மா, கிறுகி நிக்கிற ஆக்களக் கீறினா என்ன? முகம் தெரியாதே," என்றாள். மாமி தஸ்பீஹ் மணியை உருட்டியபடி நெடுநேரம் யோசித்தார். கடைசியில், "முகம் இல்லாட்டிப் பறவாயில்ல," என்றார். இப்படித்தான் நான் முதுகு கீறுகிறவன் ஆனேன். இதில் ஏதோ பெரிய கலைக் கொள்கை இருப்பதாக எண்ணிக் கொழும்பிலிருந்து வந்த ஒரு நண்பர் கட்டுரை எழுதப் பார்த்தார். நான் மாமியைப் பற்றிச் சொன்னதும் விட்டுவிட்டார்.

கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர்களைக் கீறப் போன முதல்நாள் ஒன்றும் கைக்கு வரவில்லை. எல்லோரும் அசைந்துகொண்டே இருந்தார்கள். தோளைப் பிடித்தால் இடுப்பு போய்விடும், இடுப்பைப் பிடித்தால் ஆளே போய்விடுவார். வலை கரையேறி, மீன் பிரித்து முடிந்த பிறகு, ஒருவர் மட்டும் மணலில் கடலைப் பார்த்து உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அகன்ற முதுகு. இடது தோள் சற்றுத் தாழ்ந்திருந்தது. நான் சத்தமில்லாமல் பின்னால் உட்கார்ந்து கீறினேன். முடித்துவிட்டு எழும்பப் போனபோது திரும்பாமலே கேட்டார்:

"முடிஞ்சா சேர்? கிறுகலாமா?"

பள்ளிக்கூடத்துச் சேர் வந்து உட்கார்ந்தது முதல் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தேத்தண்ணி எப்போதோ முடிந்துவிட்டது. வெறும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருந்திருக்கிறார்.

தாளை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எனக்குப் பயமாகிவிட்டது. "இது நானில்ல சேர்," என்றார். "இது என்ட வாப்பா."

வலையின் இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்கும்போது ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். சின்ன வயதில் வலைக்கு வந்த காலம் தொட்டு அவர் நின்றது தன் தகப்பனுக்குப் பின்னால். தகப்பனின் முகத்தை வீட்டில் பார்த்ததைவிட முதுகைக் கடற்கரையில் பார்த்ததுதான் அதிகம். "அவர் மௌத்தாகி இவ்வளவு காலத்துக்குப் புறகு இண்டைக்குத்தான் மறுகா காணுறன். என்ட முதுகு இப்பிடி இரிக்கிமெண்டு எனக்கு எப்பிடிச் சேர் தெரியும்? அதை நான் கண்டதில்லையே," என்றார். அந்தத் தாளைத் தரமுடியுமா என்று கேட்டு, சட்டைக்குள் சுற்றி, நனையாமல் கொண்டுபோனார். எனக்கு அன்று வந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எந்தப் பாராட்டிலும் வரவில்லை.

அதன் பிறகு நான் போகும் நாளெல்லாம் எனக்காக உட்காருவார், நிற்பார். புத்தகங்களில் மொடல் என்பவர் ஆடாமல் அசையாமல் இருப்பவர். இவரால் அது முடியாது. "சும்மா இரிக்க ஏலாது சேர். சும்மா இரிந்தா உடம்பு நடிக்கத் தொடங்கிரும்," என்பார். ஆகவே ஒரு பழைய கயிற்றைத் தென்னைமரத்தில் கட்டி, மறுமுனையைப் பிடித்து இழுத்தபடி நிற்பார். மரம் வராது, அவரும் விடமாட்டார். காலிலிருந்து தோள்வரை பாரம் எங்கே ஏறுகிறது, எங்கே தங்குகிறது என்பதை நான் படித்தது அந்தக் கயிற்றில்தான். உருவம் கீறுவது என்பது கோட்டு வேலை அல்ல, பாரம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை என்று இப்போது வகுப்பில் பெரிய ஆளைப் போலச் சொல்லுகிறேன். நல்லாக வராத நாளில் அவரே சொல்லிவிடுவார்: "இண்டைக்கு நீங்க என்னக் கீறல்ல, கடலத்தான் கீறின." எட்டிப் பார்த்தால் உண்மையாகவே கடல்தான் நன்றாக வந்திருக்கும்.

மற்றவர்களுக்குப் பொறாமை வந்துவிட்டது. "எங்கட முதுகுல என்ன குறை சேர்?" என்று கேட்டு வரிசையாகச் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். நானும் கீறினேன். ஒருவரும் அவருக்கு ஈடாகவில்லை. மற்றவர்கள் எனக்கு முதுகைக் காட்டினார்கள். அவர் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

ஒருநாள் கடற்கரைக் காவலரணிலிருந்து ஒரு சிப்பாய் இறங்கி வந்து என் சித்திரக் கொப்பியைப் பறித்துவிட்டான். அந்த யுத்த காலத்தில் கடற்கரையில் ஒருவன் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தால் வரைபடம் கீறுகிறான் என்றுதான் நினைப்பார்கள். எனக்குத் தெரிந்த சிங்களமும் மறந்துவிட்டது. ஆதம்பாவா காக்கா வந்தார். அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். பிறகு சட்டையைக் கழற்றி, திரும்பி, கொப்பிக்குப் பக்கத்தில் முதுகைக் கொண்டுபோய் நிறுத்தினார். "மாத்தயா, மே மம," என்றார். ஐயா, இது நான்தான். சிப்பாய் தாளைப் பார்த்தான், முதுகைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான். சிரித்துவிட்டான். கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டு, தனக்கும் ஒன்று கீறித் தரமுடியுமா என்று கைச்சாடையால் கேட்டான். தொப்பியைக் கழற்றாமல் முதுகு காட்டி நின்ற அந்தப் பையனையும் கீறிக் கொடுத்தேன். ஊருக்கு அனுப்பியிருப்பான் என்று நினைக்கிறேன்.

இனி இன்டர்நெட் கதைக்கு வருகிறேன். உங்களில் பலருக்கு இது அரைகுறையாகத் தெரியும். முழுதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவும்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் மனைவியின் தம்பி ரிழ்வான் அப்போது லண்டனில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தார். நோன்பு விடுமுறைக்கு வந்தவர் என் படங்களைப் பார்த்துவிட்டு, இவற்றை இன்டர்நெட்டில் போட்டால் உலகத்தில் எங்கிருந்தும் யாரும் பார்க்கலாம் என்றார். எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் முதுகு என்னுடையது இல்லையே. ரிழ்வானையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்க் கேட்டேன். ஆதம்பாவா காக்கா எல்லாவற்றையும் விசாரித்தார்.

"பொம்புளைகளும் பாப்பாங்களா?"

"ஓம் காக்கா, எல்லாரும் பாப்பாங்க," என்றார் ரிழ்வான்.

"சாரன் உடுத்துத்தானே நிக்கன்?" என்று இடுப்பில் கட்டியிருந்த கைலியைத் தொட்டுக் காட்டினார்.

"ஓம்."

"அப்ப பாக்கட்டும். லண்டனுக்குப் போக எனக்கு விசா தரமாட்டான். முதுகாவது போகட்டும்."

அப்படிப் போயிற்று. சில மாதங்களில் கடிதங்கள் வரத் தொடங்கின. ரிழ்வானின் கம்ப்யூட்டருக்கு வருபவற்றை அவர் காகிதத்தில் எடுத்துத் தபாலில் அனுப்புவார். மின்னல் வேகத்தில் லண்டன் வந்தவை அங்கிருந்து மூன்று கிழமை ஊர்ந்து எங்களிடம் வரும். நான் என் கோட்டின் நயத்தைப் பற்றி உலகம் என்ன சொல்கிறது என்று ஆவலோடு பிரித்தேன். ஓரிருவர் ஏதோ சொன்னார்கள்தான். பெரும்பாலும் எழுதியவர்கள் எங்கள் பக்கத்துப் பையன்கள். கத்தாரிலிருந்து ஒருவன் எழுதியிருந்தான், இது நம்மட கரைவலைக் காக்காதானே, சுகமாக இருக்கிறாரா என்று. ஜித்தாவிலிருந்து இன்னொருவன், அந்தத் தோள் சரிவை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன், ஸலாம் சொல்லுங்கள் என்று. என் பெயரை ஒருவனும் கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனால் பெயரும் முகமும் இல்லாத ஒரு முதுகைப் பார்த்து ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிறவன் ஸலாம் சொல்கிறான் என்றால், உருவம் கீறுகிற ஒருவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அவற்றையெல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். பனி கொட்டும் ஊரொன்றிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண், இந்த மனிதர் கடலைப் பார்த்து என்ன கனவு காண்கிறார் என்று கேட்டிருந்தார். "அவவுக்கு எழுதுங்க சேர்," என்றார் ஆதம்பாவா காக்கா. "நான் கனவு காணல்ல. கயிறு இந்தப் பக்கம் இழுபடுது, அந்தப் பக்கம் ஏன் இழுபடல்ல எண்டு பாத்துக்கிட்டு நிக்கன் எண்டு எழுதுங்க." அப்படியே எழுதினோம்.

இதெல்லாம் நல்லாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் நஸீமாவின் கல்யாணப் பேச்சு வந்தது.

நஸீமா அவருடைய ஒரே மகள். மகள் பிறந்த நாளிலிருந்து எங்கள் பக்கத்துத் தகப்பன்மாரைப் போலவே அவரும் அவளுக்காக வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வருடம் சுவர், மறு வருடம் கூரை, அதற்கு அடுத்த வருடம் கதவு. மாப்பிள்ளை மருதமுனைப் பையன். அவனுடைய தகப்பன் தறி வைத்திருக்கும் ஒரு ஹாஜியார். நல்ல மனிதர், ஆனால் ஊர்ப் பேச்சுக்குப் பயந்தவர். நஸீமாவுக்கும் மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அவள் தாய் அதை என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். நாள் குறிக்கிற கட்டத்தில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் மரைக்கார் ஒருவர், ஹாஜியார் தயங்குகிறார் என்ற செய்தியோடு வந்தார்.

பெண்ணின் தகப்பனுடைய படம், உடுப்பில்லாமல், இன்டர்நெட்டில் வந்திருக்கிறதாம். உலகமெல்லாம் பார்க்கிறதாம்.

சிரிக்காதீர்கள். தொண்ணூற்றெட்டில் எங்கள் பகுதியில் இன்டர்நெட் என்பதைக் கண்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். காணாதவர்கள் எல்லோருக்கும் அதைப் பற்றி ஒரேயொரு விஷயம் தெரியும்: அதில் கூடாத படங்கள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவன், "நம்மட கரைவலைக் காக்கா வெறும் மேலோட நிக்கிற படம் கண்டன்" என்று பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறான். அது சாய்ந்தமருதிலிருந்து மருதமுனைக்குப் போய்ச் சேருவதற்குள் சாரன் கழன்றுவிட்டது.

மரைக்கார் என்னையும் கூப்பிட்டுச் சொன்னார்: "அதை எடுத்துப்போடச் செல்லுங்க சேர். கதை முடிஞ்சிரும்." எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஒரு படத்துக்காக ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கை கெடுவதா? படத்தை நீக்கச் சொல்லி ரிழ்வானுக்கு உடனே போன் எடுக்கிறேன் என்றேன். ஆதம்பாவா காக்கா தலையை ஆட்டினார்.

"வேணாம் சேர். எடுத்தா, இரிந்தது என்ன படமெண்டு ஆருக்கும் தெரியாமப் போயிரும். மறுகா ஆளாளுக்கு ஒவ்வொரு படம் மனசுல கீறிக்குவாங்க. அதை ஆரால அழிக்க ஏலும்?"

அவரை நான் எத்தனையோ முறை மெச்சியிருக்கிறேன். அன்று போல் மெச்சியதில்லை. மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே மருதமுனைக்குப் போய், ஹாஜியாரின் வாசலில் நின்று, "கண்டுபோட்டுக் கதைப்பம், வாங்க," என்று கூப்பிட்டிருக்கிறார். ஹாஜியார் மறுக்க முடியாமல் மோட்டார் சைக்கிளில் வந்தார். கல்முனைப் பெரிய வீதியில் இன்டர்நெட் வைத்திருந்த கொமினிகேஷன் என்ற தொலைபேசிக் கடை ஒன்றில் நான் முன்கூட்டியே போய்க் காத்திருந்தேன்.

கடைக்காரர் போன் லைனில் கொழும்பைப் பிடித்தார். கிரீச்சென்று கத்திவிட்டு லைன் கிடைத்தது. ரிழ்வான் எழுதித் தந்திருந்த விலாசத்தை அடித்தார். வெறும் திரை. ஹாஜியார் கதிரையின் நுனியில், எழும்பி ஓடத் தயாரானவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

அந்த நாளில் படம் ஒரேயடியாக வராது. மேலிருந்து கீழே, நூல் நூலாக இறங்கும். முதலில் வானம் வந்தது. பிறகு கடலின் கோடு. பிறகு தலைமுடி, கழுத்து. "இது நீங்கதான்," என்றார் ஹாஜியார், ஏதோ குற்றத்தைக் கண்டுபிடித்தவர் போல. தோள் வந்தது. தோள்பட்டை, முதுகுத் தண்டு எல்லாம் மெல்ல மெல்ல இறங்கி, இடுப்புக்கு வந்தது.

லைன் அறுந்துவிட்டது.

திரையில் இடுப்புவரை வெறும் உடம்பு. அதற்குக் கீழே சாம்பல் நிறம். ஹாஜியார் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார். கடைக்காரர் மறுபடி மறுபடி நம்பரை அடிக்கிறார், லைன் இல்லை. தொலைபேசி எடுக்க வந்தவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ஆதம்பாவா காக்கா ஹாஜியாரின் தோளில் கைவைத்துச் சொன்னார்:

"கொஞ்சம் பொறுங்க ஹாஜியார். சாரன் வந்துக்கிட்டு இரிக்கி."

எட்டிப் பார்த்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஹாஜியாருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கண்ணைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். கடைசியில் லைன் கிடைத்தது. படம் முதலிலிருந்து மறுபடி தொடங்கியது. வானம், கடல், தலை, தோள். அந்த இடைவெளியில் நான் ஓதிய துஆக்களைப் பரீட்சைக்கு ஓதியிருந்தால் எங்கேயோ போயிருப்பேன். இடுப்பு வந்தது. அதற்குக் கீழே ஒரு கறுப்பு நூல் தெரிந்தது. பிறகு சாரனின் முடிச்சு, பிறகு கட்டம் போட்ட சாரன் முழுவதும், கணுக்கால்வரை, மணலில் ஊன்றிய கால்வரை வந்து நின்றது.

ஹாஜியார் இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனார். வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ன கட்டம்?" என்றார். "இப்பிடிக் கட்டம் எந்தத் தறியிலயும் நெய்ய ஏலாதே. இந்தப் பக்கத்துக் கோடு அந்தப் பக்கம் போய்ச் சேரல்லையே."

எனக்குச் சுருக்கென்றது. முதுகைத்தான் நான் பார்த்துக் கீறினேன். சாரனை வீட்டுக்கு வந்து மனம்போன போக்கில் கட்டம் போட்டேன். உடலின் பாரம் எங்கே நிற்கிறது என்று விளக்கத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை. ஆதம்பாவா காக்கா முந்திக்கொண்டார்: "அது சேர் நெய்த சாரன் ஹாஜியார். நல்லது ஒண்டு வேணுமெண்டா மாப்பிள ஊட்டாலதான் வரணும்."

அப்போதுதான் ஹாஜியார் சிரித்தார். வெளியே வந்து, மோட்டார் சைக்கிளை மிதிக்கும்போது சொன்னார்: "வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் புறகு வாறம். நாள் பாப்பம்."

வந்தார்கள். கையோடு ஒரு சாரனும் வந்தது, கட்டமெல்லாம் ஒழுங்காகச் சேர்ந்த சாரன். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அன்று அடுப்பு மூட்டுகிற வேலையை மற்றவர்கள் அவருக்குக் கொடுக்கவில்லை. புதுச் சட்டைக்குள் அகப்பட்டுக்கொண்டு, கழுத்தைத் திருப்பத் தெரியாமல், பந்தலுக்குள் நடந்து திரிந்தார்.

மாப்பிள்ளை குடிவந்து ஒரு கிழமை இருக்கும். வலை முடிந்த நேரம் நான் கடற்கரைக்குப் போனேன். ஆதம்பாவா காக்கா வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். ஆனால் என்னைப் பார்த்து உட்கார்ந்தார். நான் தாளை மடியில் வைத்து, "காக்கா, கிறுகுங்க," என்றேன்.

"இண்டைக்குக் கீறவேணாம் சேர். ஒரு கதை செல்லணும்."

மணலை விரலால் கிளறியபடி சொன்னார். "படத்த எடுக்கவேணாமெண்டு உங்களுக்கிட்ட வீறாப்பாக் கதைச்சன்தானே? ஊட்ட போகப் போக எனக்குப் பயம் புடிச்சிட்டு. நம்மட பிடிவாதத்தால புள்ளைட வாழ்க்க போனா என்ன செய்யிற? மகளக் கூப்பிட்டுச் சென்னன், மகள், நாளைக்குச் சேருக்கிட்டச் செல்லி அதை எடுத்திருவம், எனக்கு நீங்கதான் பெரிசு எண்டு. அவ என்ன சென்ன தெரியுமா சேர்?"

மகள் சொன்னதை அவர் அப்படியே சொன்னார்.

"வேணாம் வாப்பா. மாப்பிள நம்மட ஊட்டுக்குத்தானே குடிவாறார். நீங்க நாள் முழுக்க வெறும் மேலோடதான் ஊட்டுக்குள்ள திரியிற. உங்கட படத்துக்கு வெக்கப்படுறவர், உங்களோட எப்பிடி ஒரு ஊட்டுல இரிக்கிற? அவருக்காக நீங்க சட்ட போட்டுக்கிட்டு ஒதுங்கி இரிக்கிறதப் பாக்க எனக்கு ஏலாது. அப்பிடி ஒரு கல்யாணம் எனக்கு வேணாம்."

சொல்லி முடித்துவிட்டு அவர் சிரித்தார். கண் நிறைந்திருந்தது. "இப்ப மாப்பிளையும் வெறும் மேலோடதான் திரியிறார் சேர்," என்றார்.

புதன்கிழமை காலை ஜனாஸா நல்லடக்கம் முடிந்தது. உடலைச் சுமந்த சந்தூக்கைத் தூக்கியவர்களில் முன்னால் போனது அந்த மருமகன்தான். படம் இன்னும் இன்டர்நெட்டில் இருக்கிறது. எடுக்கச் சொல்லி ரிழ்வானுக்கு நான் சொல்லப்போவதில்லை. கத்தாரிலிருந்தும் ஜித்தாவிலிருந்தும் இனி அவருடைய சுகம் விசாரிப்பவர்களுக்கு என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. என்னிடம் இருக்கும் முதுகுகள் எல்லாம் நஸீமாவுக்குரியவை. அவள் கேட்கும் நாளில் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். மகள் சொன்னதைச் சொல்லி முடித்தபோது ஆதம்பாவா காக்காவின் முகம் இருந்த விதம். அதற்கு முன்போ பின்போ அப்படி ஒரு பெருமையை நான் எந்த மனிதனின் முகத்திலும் கண்டதில்லை. தாள் மடியில் இருந்தது, பென்சில் கையில் இருந்தது, அவர் நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கீறவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.